காலெர்பா டாக்சிஃபோலியா

காலெர்பா டாக்சிஃபோலியா என்பது வெப்பமண்டலக் கடல்களில் வளரும் ஒரு பச்சைப் பாசி இனமாகும். கடல்நீர் மீன்தொட்டிகளில் அழகுக்காக வளர்க்கப்பட்ட இப்பாசி, கடலில் கலந்து பெருமளவில் பரவியதால் "கொலைகாரப் பாசி" என ஊடகங்களில் பெயர் பெற்றது.

உடலமைப்பு

இப்பாசி கிடையாகப் படரும் ஓடுதண்டு, அதனைத் தரையில் பற்றச்செய்யும் வேர்ப்போலிகள், மேல்நோக்கி வளரும் இறகு வடிவ இலைபோலிகள் ஆகியவற்றைக் கொண்டது. இத்தனை பகுதிகள் இருப்பினும் இதன் உடல் முழுவதும் குறுக்குச் சுவர்களற்ற, பல உட்கருக்களையுடைய ஒரே உயிரணுவாகும். இதில் உள்ள காலெர்பெனைன் என்னும் நச்சுப்பொருள் காரணமாகப் பல தாவர உண்ணிகள் இதனைத் தவிர்க்கின்றன.

இனங்காணல்

பவளத் தொட்டியில் இடப்படும் உயிர்ப்பாறைகளுடன் அடையாளம் தெரியாத பாசிகள் வந்து சேர்வதுண்டு. இறகு வடிவப் பாசி காணப்படின் முதலில் ஓடுதண்டு உள்ளதா என நோக்க வேண்டும். பிரையாப்சிசு பாசியும் இறகு போன்றதே. ஆனால் அது மெல்லிய கொத்துகளாக வளரும், தடித்த ஓடுதண்டு இராது. காலெர்பா செர்டுலாரியாய்டிசு இனத்தின் கிளைகள் ஊசிபோல் உருண்டவை. டாக்சிஃபோலியாவின் கிளைகளோ தட்டையானவை, அடியில் குறுகி, எதிரெதிராக அமைந்தவை.

தொட்டியில் கட்டுப்படுத்தல்

இதன் சிறு துண்டும் புதிய பாசியாக வளரக்கூடும். எனவே பாறையை வேறு பாத்திரத்திற்கு மாற்றி, ஓடுதண்டையும் வேர்ப்போலிகளையும் சேர்த்துக் களைதல் நன்று. உதிரும் துண்டுகளைக் குழாய் மூலம் உறிஞ்சி எடுக்க வேண்டும். நீர் மாற்றுதல், மீன் உணவைக் குறைத்தல் ஆகியவற்றால் நைட்ரேட், பாஸ்பேட் அளவுகள் குறைந்து வளர்ச்சி தணியும். முயல்மீன்கள் சில காலெர்பா இனங்களை உண்ணும்.

இனப்பெருக்கத்தின்போது பாசியின் உள்ளடக்கம் முழுவதும் பாலணுக்களாக வெளியேறி, பாசி வெளிறி மடியும். அப்போது நீர் கலங்குவதுடன் ஆக்சிசன் குறைந்து பிற உயிரிகளும் பாதிக்கப்படலாம். ஆகவே அடர்ந்து வளருமுன் அகற்றுவது பாதுகாப்பானது.

கடலில் பரவல்

1984 ஆம் ஆண்டு மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தின் அருகே, கடலடியில் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் இப்பாசி கண்டறியப்பட்டது. மீன்காட்சியகங்களில் வளர்க்கப்பட்ட, குளிர்ந்த நீரையும் தாங்கும் வகையே அது என மரபணு ஆய்வுகள் காட்டின. அது பின்னர் பிரான்சு, இத்தாலி, எசுப்பானியா முதலிய நாடுகளின் கரைகளுக்கும் பரவியது. இதன் ஆபத்தைத் தொடக்கத்திலேயே எடுத்துரைத்தவர்களுள் பிரெஞ்சு உயிரியலாளர் அலெக்சாந்தர் மைனெசு குறிப்பிடத்தக்கவர்.

2000 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் கார்ல்சுபாடு நகரிலுள்ள கடற்கழியில் இப்பாசி காணப்பட்டது. தார்ப்பாய்களால் மூடி, அதனுள் குளோரின் செலுத்தி அழிக்கப்பட்டது. 2006 இல் முற்றிலும் ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது.

அப்புறப்படுத்தல்

அகற்றிய பாசியையும் அது இருந்த நீரையும் கடலிலோ கழிவுநீர்க் கால்வாயிலோ விடுதல் கூடாது. பாசியை நெகிழிப் பையில் கட்டி, குறைந்தது 24 மணி நேரம் உறைபெட்டியில் வைத்தபின் குப்பையில் சேர்க்க வேண்டும்.