சலாபக் கடலின் சூடு

முசலியின் சிலாவத்துறை, மறிச்சுக்கட்டிக் கரைகளில் முன்னாளில் முத்துச் சலாபம் நடைபெற்றது. 1905இல் மட்டும் எட்டுக் கோடிச் சிப்பிகள் எடுக்கப்பட்டன. குளித்தவர் அணிந்ததோ இடையில் ஒரு துண்டுத் துணி. அமிழ்வதற்கு ஒரு கல். வாடைக்காற்று ஓய்ந்து சோளகம் எழுமுன், பங்குனி சித்திரையில், கடல் அடங்கி நீர் 28 பாகைச் சூட்டை அடையும். அதுவே சலாபத்துக்கு உரிய காலம். ஆயினும் மனித உடலின் சூடு 37 பாகையன்றோ? காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் விரைவாக நீர் அதனைக் கவர்ந்துவிடும். 1952இல் கலிபோர்னியாவில் ஹியூ பிராட்னர் என்னும் விஞ்ஞானி வகுத்த, நுண்குமிழ்கள் நிறைந்த ரப்பர் உடை அச்சூட்டைக் காக்கிறது. அலைமேற் சறுக்கி விளையாடுவோர் இன்று கடலின் குளிருக்கேற்ப அதன் தடிப்பைத் தெரிகின்றனர். மன்னார்க் குளியாளனுக்கு அத்தெரிவு இருந்ததில்லை. எடுத்த சிப்பியில் மூன்றிலொரு பங்கே அவனுக்கு. எஞ்சிய இரு பங்கும் அரசாங்கத்துக்கு.