காஸ் விளக்கிலிருந்து கைபேசித் திரை வரை

வெள்ளி விழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென அன்பர்கள் பணித்தனர். அரசர் வரலாறும் போர் வரலாறும் எழுதுவார் பலர் உளர். நாம் ஒளியின் வரலாறு ஒன்றை எழுத விழைகின்றோம். அது நம் தெருவோடும் தொடர்புடையது.

கோலியனூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் மின்விளக்குப் பரவுமுன்னும், பரவிய பின் பல ஆண்டுகளும், கூத்துக்கும் திருமண ஊர்வலத்துக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்கே ஒளி தந்தது. காஸ் லைட்டு என்பர் மக்கள். ஊர்வலத்தில் அதனைத் தலையில் சுமந்து நடந்தோர் ஏழைக் கூலியாட்கள். அவர்களுள் நம் முன்னோரும் இருந்தனர். விளக்கைச் சுமந்து அத்தெருவில் செல்லலாம். விளக்கின்றிச் செருப்பணிந்து செல்ல இயலாது என்றிருந்த காலம் அது. ஒளியைச் சுமந்தோம், அவ்வொளி எவ்வாறு உண்டாகிறது எனக் கற்கும் வாய்ப்பு நமக்கு இல்லை.

அவ்விளக்கின் நடுவே தொங்கும் மேண்டில் என்னும் வலையைச் சிறுவயதில் நாமும் வியந்து நோக்கியதுண்டு. கட்டும்போது துணி, ஒருமுறை எரிந்தபின் வெறும் சாம்பல், விரல் பட்டால் உதிர்ந்துவிடும். ஆயினும் சுடரில் அச்சாம்பலே கண்கூச ஒளிவிடும். ஆஸ்திரிய வேதியியலறிஞர் கார்ல் ஆவர் வான் வெல்ஸ்பாக் 1885இல் இதன் முதல் வடிவை அமைத்தார். தோரியம் ஆக்சைடு 99 பங்கும் சீரியம் ஆக்சைடு 1 பங்கும் கலந்தால் ஒளி சிறக்கும் என 1891இல் கண்டார். அந்த ஒரு பங்கு சீரியம் இல்லையேல் வலை மங்கலாகவே எரியும்.

அந்தத் தோரியத்துக்கும் தமிழ் மண்ணுக்கும் தொடர்புண்டு. திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலில், தோரியம் அடங்கிய மோனசைட் என்னும் கனிமம் இருப்பதை 1909இல் ஷாம்பர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். மணலின் பிறப்பிடம் தேடி வந்து மணவாளக்குறிச்சியில் பிரிப்பாலை ஒன்றும் நிறுவினார். இன்று அவ்வூர் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது. விடுதலைக்குப் பின் 1950இல் இம்மணலைக் கையாள இந்தியன் ரேர் எர்த்ஸ் நிறுவனம் தோன்றியது.

மேண்டிலில் உலோகச் சேர்மம் சூட்டினால் ஒளிர்ந்தது. அடுத்த கட்டத்தில் சூடின்றியே நிறம் தந்தது. யூரோப்பியம் என்னும் உலோகம் கலந்த செந்நிற ஒளிர்பொருளை 1964இல் அமெரிக்காவில் லெவின், பலில்லா என்னும் இருவர் அறிவித்தனர். வண்ணத் தொலைக்காட்சியின் சிவப்பு அதனால் துலங்கியது. நம் நாட்டுக்கு வண்ண ஒளிபரப்பு 1982இல், ஆசிய விளையாட்டுப் போட்டியையொட்டி வந்தது.

மூன்றாம் கட்டம், இன்று கைபேசிகள் பலவற்றில் உள்ள ஓ.எல்.இ.டி. திரை. கரிமச் சேர்மத்தின் மிக மெல்லிய படலங்களில் மின்சாரம் பாய்ந்தால் படலமே ஒளிவிடும். 1987இல் கோடக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங், வான் ஸ்லைக் ஆகியோர் அலுமினியச் சேர்மம் ஒன்றைக் கொண்டு, பத்து வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தத்தில் பச்சை ஒளி பெற்றனர். எனினும் ஒரு குறை இருந்தது. மின்சாரத்தால் கிளர்வுறும் நிலைகள் நான்கில் ஒன்றே ஒற்றைநிலை. அதுவே உடனே ஒளி தரும். மற்ற மூன்றும் மும்மைநிலை. அவை ஒளி தராது வெப்பமாய் வீணாகும். நான்கு மரக்கால் நெல் விதைத்து ஒரு மரக்காலே முளைத்தாற்போன்ற இழப்பு அது.

இவ்விழப்பைத் தீர்த்தது கன உலோகம். கனமான அணுவின் அருகில் எதிர்மின்னியின் தற்சுழற்சியும் சுற்றியக்கமும் வலுவாகப் பிணைகின்றன. அதனால் மும்மைநிலைக்கு அடைபட்டிருந்த வழி திறந்து, அதுவும் ஒளியாக வெளிப்படுகிறது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஃபாரஸ்டும், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் மார்க் தாம்ப்சனும் தம் குழுவினருடன் 1998இல் பிளாட்டினச் சேர்மத்தால் சிவப்பையும், 1999இல் இரிடியம் சேர்மத்தால் பச்சையையும் பெற்றனர். 2001இல் உள்ளே பிறக்கும் ஒளியின் திறன் ஏறத்தாழ நூறு விழுக்காட்டை எட்டியது. உலோகத்தைச் சூழ்ந்துள்ள ஈனிகளை மாற்றினால் நிறமும் மாறும். இவற்றுள் நீலத்துக்கு நீண்ட ஆயுள் தருவதே அறிஞர்களைப் பெரிதும் வருத்திய பணி. 1803இல் இரிடியத்தைக் கண்ட ஸ்மித்சன் டெனன்ட், அதன் உப்புகளின் பல நிறங்களைக் கண்டு, கிரேக்கரின் வானவில் தேவதையான ஐரிஸின் பெயரை அதற்கு இட்டார். அப்பெயர் இருநூறு ஆண்டுகளுக்குப் பின் மெய்யாயிற்று.

இத்துறை அயலாருக்கே உரியதென எண்ண வேண்டா. திருவனந்தபுரத்து மத்திய அரசு ஆய்வு நிறுவனத்தில் யூரோப்பியம், டெர்பியம் ஆகியவற்றின் ஒளிர் சேர்மங்கள் ஆராயப்பட்டுள்ளன. இவற்றுக்கெல்லாம் அடிப்படை, நம் அரசுப் பள்ளியின் பன்னிரண்டாம் வகுப்பு நூலிலுள்ள அணைவு வேதியியல் என்னும் பாடமே.

இங்கு ஓர் உண்மையை மறைக்காது கூறுதல் கடமை. அறிவியல் பிரிவு நம் பிள்ளைகளுக்கு ஏறாது என்று பிறரும் சொல்வர், நம்மவரும் சொல்வர். பல ஆண்டுகளுக்கு முன், வேதியியல் படிக்க விரும்பி வந்த மாணவன் ஒருவனை நோக்கி, “உனக்கு எளிய பிரிவே போதும்” என நாமே கூறினோம். அவனும் மறுபேச்சின்றி ஏற்றான். அச்சொல்லை எண்ணி இன்றும் வருந்துகின்றோம். ஒளிரும் ஆற்றல் அவனிடம் இருந்தது. வழியை அடைத்தவர் நாம்.

இளைஞர்களே! நான்கில் மூன்று பங்கு வீணாகும் என்பது இயற்கையின் மாறா விதியன்று. தக்க துணை அருகில் அமைந்தபோது அது மாறியது. அத்துணையாய் இருப்பதே நம் சங்கத்தின் பணி. இவ்வாண்டு பதினோராம் வகுப்பில் சேரும் நம் பிள்ளைகளுள் விருப்பமுள்ளோர் அச்சமின்றி அறிவியல் பிரிவைக் கேட்டுப் பெறுக. பெற்றோர் தடை சொல்லற்க. பட்டம் பெற்றோர் மாலையில் ஒரு மணி நேரம் அவர்களுக்குப் பாடம் சொல்லுக. நம் பாட்டனார் ஒளியைத் தலையில் சுமந்தார். நம் பேரப்பிள்ளைகள் அதனை அறிவால் ஆக்குவாராக.