பந்தயமும் கூட்டுப்பயணமும்: மிதிவண்டி வரலாற்றில் ஒரு நோக்கு

மிதிவண்டியின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் பந்தய வரலாற்றையே எழுதி அமைகின்றனர். அதற்குக் காரணம் உண்டு. பந்தயத்திற்கு நாளும் தொலைவும் நேரமும் வென்றார் பெயரும் குறிப்புகளாக எஞ்சுகின்றன. முந்துதல் கருதாது பலர் ஒருங்கு செல்லும் கூட்டுப்பயணத்திற்கோ அத்தகைய சான்றுகள் அருகியே கிடைக்கின்றன. எனினும், தமிழ்நாட்டு வாழ்வில் ஆழ்ந்த மாறுதல் விளைத்தது கூட்டுப்பயணமே என்பது எம் கருத்து. அதனை ஈண்டு நிறுவ முயல்வோம்.

பந்தயம் பெருநகரைச் சார்ந்து வளர்ந்தது. 1868 மே 31ஆம் நாள் பாரிசு நகரை அடுத்த பூங்கா ஒன்றில் நிகழ்ந்த போட்டியில் ஜேம்சு மூர் என்னும் ஆங்கிலேயர் வென்றார். மறு ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் பாரிசிலிருந்து ரூவான் வரை, ஏறத்தாழ 123 கி.மீ. தொலைவிற்கு நிகழ்ந்த பந்தயத்திலும் வென்றவர் அவரே. 1891இல் பாரிசினின்று பிரெஸ்டு சென்று மீளும் ஏறத்தாழ 1,200 கி.மீ. பந்தயம் தொடங்கிற்று. ஆயின், அதன் பிற்கால வரலாறு கருதத்தக்கது. 1931 முதல் வெற்றி கருதாப் பயணிகளும் அவ்வழியே செல்லலாயினர். தொழில்முறைப் பந்தயம் 1951உடன் நின்றது. பயணமோ இன்றும் நான்காண்டிற்கு ஒருமுறை நிகழ்கின்றது. குறித்த நேரத்தில் முடித்தார் அனைவரும் அதன்கண் ஒத்த மதிப்பினரே.

இந்தியப் பெருநகரங்களுள் பம்பாய் இவ்வகையில் முற்பட்டது. 1923 அக்டோபரில் பார்சி இளைஞர் அறுவர் அந்நகரினின்று உலகைச் சுற்றிவரப் புறப்பட்டனர். அவருள் ஆதி ஹக்கீம், ஜால் பாப்பசோலா, ரஸ்டம் பும்காரா ஆகிய மூவர் ஏறத்தாழ 71,000 கி.மீ. கடந்து 1928இல் மீண்டனர். மிதிவண்டிப் போட்டிகளுக்கான தேசியக் கூட்டமைப்பு தோன்றியது 1946இல்தான் என்பதை இதனோடு ஒப்பிட்டுக் காண்க.

தமிழகத்தில் இவ்வூர்தி துவிச்சக்கரவண்டி, ஈருருளி, மிதிவண்டி, சைக்கிள் எனப் பல பெயர் பெற்றது. சென்னையை அடுத்த அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் 1949இல் தோன்றியபின் அது எளியோர் வாழ்விலும் பரவிற்று. ஆயினும், சிற்றூர்ப் பெண்டிர் அதனை ஓட்டுதல் நெடுங்காலம் அரிதாகவே இருந்தது. அந்நிலையை மாற்றியது 1991இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம். அக்காலத்து மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தார். உழவுத் தொழிலாளரும் கல்லுடைப்போருமாகிய பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றனர். மகளிர்க்குரிய வண்டிகள் போதாமையால் ஆடவர் வண்டிகளையும் ஓட்டினர். குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என அவற்றையே விரும்பினாரும் உளர். 1992இல் உலக மகளிர் நாளை ஒட்டி, ஆயிரத்திற்கு மேற்பட்ட பெண்கள் கொடி கட்டி, மணி ஒலித்து, புதுக்கோட்டை வீதிகளில் அணிவகுத்தனர். அங்கு முதற்பரிசு பெற்றார் யார் என்னும் வினாவிற்கே இடமில்லை. பிறர் துணையின்றிச் சந்தைக்கும் பணிக்கும் செல்லும் உரிமையே அவர் பெற்ற பேறு.

இத்தகைய பயணம் தமிழ் மரபிற்குப் புதிதன்று. சவ்வாது மலையைச் சார்ந்த செங்கம், சங்கநூல் கூறும் செங்கண்மா என்பர். அதன் தலைவன் நன்னன் சேய் நன்னனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உடையது. அதன் 583 அடிகளில் கூத்தரும் விறலியரும் கூடிச் செல்லும் மலைவழி விரிகின்றது. பன்றிப்பொறியும் கவண்கல்லும் வழுக்குபாறையும் உள்ள அவ்வழியில், ஒருவர்க்கொருவர் காவலாய்ச் செல்லுமாறு புலவர் அறிவுறுத்துகின்றார். கூட்டுப்பயணத்தின் இலக்கணம் இதுவே அன்றோ!

செங்கத்தைச் சூழ்ந்த பகுதியின் நடுகற்கள் போரில் வீழ்ந்த தனிவீரர் பெயரைக் காத்தன. ஆற்றுப்படையோ பெயரறியாக் கூட்டத்தாரின் வழியைக் காத்தது. பந்தயக் குறிப்புகள் முன்னதைப் போல்வன. புதுக்கோட்டைப் பெண்டிர் செலவிற்குப் பின்னதைப் போன்றதோர் ஆவணம் வேண்டும். அன்று இருபது அகவையினராய் இருந்தார் இன்று ஐம்பதைக் கடந்துவிட்டனர். அவர்தம் வாய்மொழியை அவர் வாயிலாகவே கேட்டுத் தொகுத்தற்குரிய காலம் இதுவே. அப்பணியை ஆய்வு மாணவர் மேற்கொள்வாராயின், வென்றார் வரலாற்றோடு உடன்சென்றார் வரலாறும் நமக்குக் கிட்டும்.