கோலார் தங்கவயல்: அரசு ஏற்றுக்கொண்டதும் ஏற்காததும்

கோலார் தங்கவயல் என்றாலே நம்மவர்கள் ஆழத்தையும் தங்கத்தையும்தான் பேசுவார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கு மேல் ஆழம். 1902லேயே சிவசமுத்திரத்து மின்சாரம் வந்த இடம். எடுத்த தங்கம் ஏறக்குறைய 800 டன். எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்காக அரைத்துப் போட்ட கல் எங்கே போச்சு? எங்கேயும் போகவில்லை. ஊரை ஒட்டி மேடு மேடாக நிற்கிறது.

கல்லை மாவாக அரைத்து சயனைடு கரைசலில் ஊறவைத்தால் தங்கம் கரைந்து பிரியும். மிஞ்சிய சேற்றைக் கொட்டிக் கொட்டி எழுந்தவை 13 மேடுகள், சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். சயனைடு வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதையும். கல் மாவு சிதையாது. காற்றுக் காலத்தில் பறந்து வீட்டுக்குள் வந்துவிடும். கதவைச் சாத்தினாலும் சோற்றில் மண் கடிபடும்.

1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய சுரங்கத்தை, நல்ல தாது குறைந்து வந்த 1956ல் மைசூர் அரசு ஏற்றது. 1962ல் மத்திய அரசுக்குப் போயிற்று. 1972ல் பாரத் கோல்ட் மைன்ஸ் ஆனது. இதைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் வட ஆற்காட்டிலிருந்தும் சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்தும் போன குடும்பங்களுக்கு இன்னும் 45 வருஷம் கூலி கிடைத்தது. ஆனால் எடுத்த தங்கத்துக்குச் சந்தை விலை போடாமல், அதைவிடக் குறைந்த சர்வதேச அதிகாரபூர்வ விலையை வெகுகாலம் போட்டுவிட்டு நஷ்டம் என்றார்களே, அதை எந்த வியாபாரி ஒப்புவான்?

2001 பிப்ரவரி 28ல் சுரங்கத்தை மூடினார்கள். ஆள் கணக்கு, இயந்திரக் கணக்கு எல்லாம் பார்த்தார்கள். மேட்டை மட்டும் பற்று வரவில் யாரும் எழுதவில்லை. கடையை வாங்குகிறவன் சரக்கோடு கடனையும் சேர்த்துத்தானே வாங்குகிறான்? டெய்லர் கம்பெனி விட்டுப்போன குப்பையும் 1956ல் அரசின் குப்பையாகிவிட்டது.

2024 ஜூனில் இந்த 13 மேடுகளையும் ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மீதித் தங்கத்தை எடுத்தால் இடமும் சுத்தமாகும் என்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சராசரியாக டன்னுக்கு ஒரு கிராம்கூடத் தேறாது. அதை எடுத்த பிறகும் கீழே நிற்கப்போவது அதே 3 கோடியே 30 லட்சம் டன் மாவுதான். அதை எங்கே கொட்டுவது, மேலே மண் மூடிப் புல் வளர்ப்பது யார், எத்தனை வருஷம் பார்த்துக்கொள்வது என்பதெல்லாம் ஏலப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும்.