நாணயத்தின் ஆண்டும் நகையின் காலமும்
ஓமன், ஏமன் நாடுகளின் மரபுவழி வெள்ளிக் கழுத்தணிகள் பல அருங்காட்சியகங்களில் இடம்பெற்றுள்ளன. அவற்றுள் சிலவற்றில் 1780 எனப் பொறித்த மரியா தெரசா தாலர் நாணயங்கள் கோக்கப்பட்டுள்ளன. இதனைக் கொண்டு அந்நகைகளைப் பதினெட்டாம் நூற்றாண்டின எனக் கொள்வது பிழையாகும். ஆஸ்திரிய அரசி மரியா தெரசா 1780இல் மறைந்த பின்னரும், அதே ஆண்டு பொறித்த நாணயங்கள் வணிகத்தின்பொருட்டு இருபதாம் நூற்றாண்டிலும் அச்சிடப்பட்டன. நகைக்குரிய வெள்ளியும் பெரும்பாலும் இந்நாணயங்களை உருக்கியே பெறப்பட்டது. மணக்கொடையாகக் கிடைத்த நகை பெண்ணின் தனியுடைமை. அவள் இறந்தபின் அதனை உருக்கிப் புதியது செய்யும் வழக்கமும் இருந்தது. எனவே எஞ்சியவற்றுள் பழமையானவை மிகச் சிலவே. நகை 1780க்கு முற்பட்டதன்று என்பதை மட்டுமே நாணயம் உணர்த்தும். அவ்வாண்டையே நகையின் காலமாகக் காட்சிக்குறிப்பில் பதிவது, அதனை அணிந்த பெண்ணை அவள் வாழ்ந்த காலத்திலிருந்தே அகற்றிவிடும்.