சுண்ணாம்புக்கட்டிப் புழு

எங்கள் பக்கம் ஒருகாலத்தில் எண்ட்ரின் என்றாலே பூச்சி மருந்துதான். கீழ்பென்னாத்தூரில் அப்பாவோடு மிளகாய்க் கொல்லைக்கு மருந்தடிக்கப் போன நாளில், காலையில் அடித்தால் மதியத்துக்குள் புழு செத்து விழ வேண்டும். விழாவிட்டால் கடைக்காரரோடு சண்டை. 1990இல் எண்ட்ரினுக்குத் தடை வந்தது. 2005இல் மோனோகுரோட்டோபாஸ் பூச்சி மருந்தைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்றார்கள். 'மதியத்துக்குள்' என்கிற அவசரம் மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை.

அந்த அவசரத்தோடுதான் பிவேரியா பொட்டலத்தைப் பிரித்தேன். சித்திரை மாதம், பதினோரு மணி வெயில். லிட்டருக்கு 5 கிராம் கலந்து, முந்தின வாரம் தாமிர மருந்து கரைத்த டேங்கை அலசாமலே ஊற்றினேன். பிவேரியா புழுவைக் கொல்லும் ஒரு பூஞ்சை. பூஞ்சையைக் கொல்லத்தானே தாமிர மருந்து? எனக்கு உறைக்கவில்லை. ஒரு புழுகூடச் சாகவில்லை.

மறுபடி கார்த்திகையில், மழை விட்ட ஈரத்தில், காதி சோப்பு சேர்த்து, பொழுது சாய இலையின் அடிப்பக்கம் நனைய அடித்தேன். நான்காம் நாள் புரோட்டீனியா புழுக்கள் தின்பதைக் குறைத்தன. எட்டாம் நாள் ஒன்று இலையோடு ஒட்டி விறைத்திருந்தது. உடம்பெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. விரலால் அழுத்தினேன், சாக்பீஸ் மாதிரி உடைந்தது. இந்தப் பூஞ்சையைப் புழு தின்ன வேண்டியதில்லை. வித்து தோலில் ஒட்டி முளைத்து, துளைத்து உள்ளே போகிறது. கத்தரிக்காய்க்குள் புகுந்துகொண்ட புழுவை மட்டும் இது தொடாது. அதில் யாரும் ஏமாற வேண்டாம்.

இந்த வெள்ளையை முதலில் கண்டு நடுங்கியவர்கள் பட்டு வளர்த்தவர்கள். இத்தாலியில் பட்டுப்புழுக்கள் இப்படித்தான் சுண்ணாம்புக்கட்டியாகிச் செத்தன. லோடி ஊர்ப்பக்கத்து அகோஸ்டினோ பாஸி பல வருடம் அதன் பின்னாலேயே அலைந்து, காரணம் ஒரு பூஞ்சை என்று 1835இல் எழுதினார். பிவேரியா பேசியானா என்ற இதன் முழுப்பெயரில் 'பேசியானா' அவரால் வந்தது. 1879இல் ஒடெசாவில் மெச்னிகோவ் இதற்கு உறவான பச்சைப் பூஞ்சையைக் கோதுமை வண்டின்மேல் ஏவிப் பார்த்தார். அதுதான் இன்று நம் கடைகளில் விற்கும் மெட்டாரைசியம். பிறகு டிடிடி என்ற ரசாயனப் பூச்சி மருந்து வந்தது. பூஞ்சையை நினைக்க யாருக்குப் பொறுமை இருந்தது?

இப்போது நான் வெயில் காயும் சித்திரையில் பிவேரியா வாங்குவதே இல்லை. உங்களுக்கு ஒன்று சொல்கிறேன்: பக்கத்துக் கொல்லையில் மல்பெரி இருந்தால் இதை அடிக்காதீர்கள். அந்த இலையைத் தின்னும் பட்டுப்புழுவையும் இது கொல்லும்.