ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணமும் கிறித்தவ வழிபாட்டின் உண்மை நோக்கமும்

மனிதன் இறைவனை நினைந்து செய்யும் செயல்களுள் தலையாயது வழிபாடு. எனினும், வழிபாட்டிற்கெனக் கூடுவோர் அனைவரும் ஒரே நோக்குடன் கூடுவதில்லை. அரச ஆணைக்கு அஞ்சிக் கூடுவோரும் உளர். ஆணையை மீறிக் கூடுவோரும் உளர். இவ்விரு சாராரையும் ஒரே காலத்தில், ஒரே மண்ணில் கண்டது ஒல்லாந்தர் கால யாழ்ப்பாணம். கிறித்தவ வழிபாட்டின் உண்மை நோக்கம் யாது என்னும் வினாவிற்கு அக்கால வரலாறு தக்கதொரு விடையைத் தருகின்றது.

தொடக்கத் திருச்சபையின் வழிபாடு எளிமையானது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உரோமாபுரியில் வாழ்ந்த யுஸ்தீன் என்னும் அறிஞர் அதனை விவரித்துள்ளார். ஞாயிற்றுக்கிழமைகளில் விசுவாசிகள் ஓரிடத்தில் கூடினர். வேதநூல்கள் வாசிக்கப்பட்டன; தலைவர் அறிவுரை பகர்ந்தார்; அனைவரும் எழுந்து செபித்தனர்; அப்பமும் இரசமும் பகிரப்பட்டன. வர இயலாதோருக்கும் அவை கொண்டுசெல்லப்பட்டன. இறுதியில் சேர்ந்த காணிக்கை அநாதைகள், விதவைகள், நோயாளர், சிறைப்பட்டோர், வழிப்போக்கர் ஆகியோருக்கு உதவிற்று. இறைவனுக்கு நன்றி செலுத்துதலும் அயலானைத் தாங்குதலும் ஒரே வழிபாட்டின் இரு கூறுகளாக விளங்கியமை ஈண்டு நோக்கத்தக்கது.

ஈழத்திற்குக் கிறித்தவத்தைப் பரவலாகக் கொணர்ந்த போர்த்துக்கேயர் காலத்தில் சமயமும் அரசும் பிணைந்தே நின்றன. 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டமை அப்பிணைப்பின் கசப்பான விளைவாகும். 1658இல் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றினர். போர்த்துக்கேயர் கட்டிய ஆலயங்கள் சீர்திருத்தத் திருச்சபையின் பிரசங்க மண்டபங்களாகவும் பாடசாலைகளாகவும் மாறின. மக்கள் தம் மொழியிலேயே வேதவசனத்தைக் கேட்டுணர வேண்டும் என்பது அத்திருச்சபையின் உயரிய கொள்கை. 1759இல் கொழும்பில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியமை அக்கொள்கையின் பயனேயாகும்.

ஆயினும், கொள்கை ஒன்றாகவும் நடைமுறை வேறாகவும் அமைந்தன. ஞானஸ்நானமும் விவாகமும் பாடசாலைத் தோம்புகளிற் பதியப்பட்டன. பதிவில்லாத விவாகம் சட்டப்படி செல்லாது. அதனால் பிள்ளைகளின் முதுசொம் உரிமைக்கும் இடர் நேரும். அரசாங்கப் பதவிக்கும் ஞானஸ்நானம் வேண்டப்பட்டது. எனவே, சைவர் பலர் ஆலயத்திற் பெயரைப் பதிந்துவிட்டு, இல்லத்தில் தம் முன்னோர் சமயத்தையே பேணினர். காணிக்கும் உத்தியோகத்திற்கும் வாயிலாகிய வழிபாடு உள்ளத்தைத் தொடவில்லை. அம்மக்களைப் பொய்யர் எனப் பழித்தல் தகாது. மனச்சான்றுக்கு விலை கூறிய ஆட்சியே அதற்குப் பொறுப்பாகும்.

மறுபுறத்தில், குருமாரற்ற கத்தோலிக்க மக்கள் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பூசையின்றி வாழ்ந்தனர். பெற்றோர் வழிவந்த செபங்களே அவர்களுக்குத் துணையாயின. இந்நிலையில், 1687இல் கோவாவைச் சேர்ந்த யோசேவாஸ் அடிகளார் ஏழைக் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். கழுத்தில் அணிந்த செபமாலையைக் கண்டு யார் முகம் மலர்கின்றது என நோக்கி அவர் விசுவாசிகளை இனங்கண்டார் என்பர். சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று. பூசைகள் இரவில், வீடுகளில், மறைவாக நிகழ்ந்தன. 1689ஆம் ஆண்டு நத்தார் இரவில் வழிபாட்டிற்குக் கூடியிருந்தோரை ஒல்லாந்தர் சிறைப்பிடித்தனர். அங்குக் கூடியோருக்குப் பதவியுமில்லை, காணியுமில்லை, தண்டனையே காத்திருந்தது. எனினும் அவர்கள் கூடினர்.

பின்னர்க் கண்டி இராச்சியத்திற்குச் சென்ற அடிகளார் ஒற்றர் என ஐயுறப்பட்டுச் சிறையிடப்பட்டார். காலப்போக்கில் மன்னனின் ஆதரவைப் பெற்றார். 1697இல் கண்டியில் வைசூரி பரவியபோது, உறவினராற் கைவிடப்பட்ட நோயாளரைச் சமயபேதம் பாராது பராமரித்தார். யுஸ்தீன் காட்டிய வழிபாட்டின் மற்றைய கூறு இங்கு உயிர்பெற்றது எனலாம். குரு இல்லாத ஊர்களில் மூப்பரும் அண்ணாவிமாரும் செபங்களை நடத்தவும் சிறாருக்கு ஞானோபதேசம் கற்பிக்கவும் அவர் ஒழுங்கு செய்தார். 1705இல் ஈழம் வந்த யாக்கோமே கொன்சால்வேஸ் அடிகளார் தமிழிலும் சிங்களத்திலும் ஞானநூல்கள் இயற்றினார். அவருடையதென வழங்கும் வியாகுலப் பிரசங்கம் தவக்காலத்தில் மக்களால் உருக்கத்துடன் பாடப்பட்டு வந்துள்ளது.

இவ்விருவகை வழிபாட்டினையும் காலமே சீர்தூக்கியது. 1796இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியதும், பதிவேடுகளில் நிறைந்திருந்த சீர்திருத்தக் கிறித்தவர் தொகை விரைந்து சுருங்கிற்று. கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை ஆள்பதி மெயிற்லாந்து 1806இல் நீக்கியபோதோ, ஒன்றரை நூற்றாண்டு அடக்குமுறையைத் தாங்கிய சமூகமொன்று வெளிப்பட்டது. இது ஒரு சபையின் வெற்றியும் மற்றதன் தோல்வியும் அன்று. கட்டாயத்தால் வந்தது கட்டாயத்துடன் சென்றது. அன்பினால் வந்தது நிலைத்தது என்பதே இதன் பொருள்.

1963 திசெம்பர் 4ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் 2147 வாக்குகளால், நால்வரே எதிர்க்க, திருவழிபாடு பற்றிய ஏட்டினை ஏற்றது. மக்கள் வெறும் பார்வையாளராய் இராது, உணர்ந்து முழுமையாகப் பங்குகொள்ள வேண்டும் என்பது அதன் அடிப்படை. இலத்தீன் பூசைக்குக் குருவும் இல்லாத காலத்தில், தம் தாய்மொழிச் செபங்களால் விசுவாசத்தைக் காத்த ஈழத்து எளிய மக்கள் அவ்வுண்மையை முன்னரே வாழ்ந்து காட்டினர்.

முடிவாக நோக்குமிடத்து, வழிபாட்டின் நோக்கம் ஆலயத்தை நிரப்புவதன்று. ஏட்டிற் பெயர் பதிவதுமன்று. அச்சமும் ஆதாயமும் நீங்கிய உள்ளத்தை இறைவனுக்கு அளித்து, அவ்வுள்ளத்துடன் அயலானிடம் செல்வதே அதன் நோக்கமாகும். எந்தச் சபையும், எந்தச் சமயமும் தன் ஆலய வாயிலில் நின்று தன்னைத்தானே கேட்கவேண்டிய வினா இதுவேயாம்.